கையளவு

செருப்புக் கடைக்குப் போகிறவர் காலை நீட்டுகிறார். வளையல் கடைக்குப் போகிற பெண் கையை நீட்டுகிறாள். சட்டை தைக்கக் கொடுக்கிறவர் தோளையும் மார்பையும் தையற்காரரின் நாடாவுக்கு ஒப்படைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மூக்குக் கண்ணாடி வாங்கப் போனால் மூக்கோடு காதையும் சேர்த்துத்தான் சரி பார்க்கிறார்கள். ஆனால் பகல் முழுவதும், சில பேருக்கு நடுநிசி வரையிலும், உள்ளங்கைக்குக் கீழேயே குடியிருக்கப் போகிற ஒரு பொருளை வாங்கப் போகிறவர் மட்டும் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு போகிறார். பணம் எடுக்கத்தான் அந்தக் கை வெளியே வருகிறது. அளவு கொடுக்க வருவதில்லை. கம்ப்யூட்டர் மௌஸைத்தான் சொல்கிறேன்.

தமிழில் அதற்குச் 'சுட்டி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல பெயர். திரையில் இன்னது என்று சுட்டிக் காட்டுவதால் சுட்டி. ஓர் இடத்தில் நிற்காமல் துறுதுறுவென்று ஓடுகிற குழந்தையையும் நாம் சுட்டி என்றுதான் கொஞ்சுகிறோம். இரண்டு அர்த்தமும் பொருந்தும்படி ஒரு சொல் அமைவது அபூர்வம். ஆனாலும் கடையில் போய், "ஒரு சுட்டி கொடுங்கள்" என்று கேட்டால், நெற்றிச்சுட்டி விற்கும் கவரிங் கடைக்கு வழி காட்டி அனுப்பிவிடுவார்கள். ஆகையால் நானும் ஊரோடு ஒத்து மௌஸ் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இந்தச் சின்னப் பொருளைப் பற்றி நான் தீவிரமாக யோசிக்கும்படி ஆனது திருவாலங்காட்டில். சென்னையிலிருந்து அரக்கோணம் போகிற ரயிலில் ஏறி, திருவள்ளூர், கடம்பத்தூர் எல்லாம் தாண்டி, மணவூருக்கு அடுத்தபடியாக இறங்கவேண்டிய ஊர். அங்கே என் தங்கை குடியிருக்கிறாள்.

ஆட்டத்துக்கும் அந்த ஊருக்கும் உள்ள சம்பந்தம் பழையது. நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளில் ரத்தின சபை திருவாலங்காடு. அங்கேதான் அவருக்கும் காளிக்கும் நடனப் போட்டி நடந்ததாகப் புராணம். காளி எதற்கும் சளைக்கவில்லை. அவர் ஆடியதையெல்லாம் அவளும் ஆடினாள். கடைசியில் ஆட்ட வேகத்தில் அவர் காதிலிருந்து குழை கீழே விழுந்தது. அதைக் கால் விரலால் எடுத்து, காலைத் தலைக்கு மேலே உயர்த்தி, காதில் மாட்டிக்கொண்டார். காளி நாணிப் பின்வாங்கினாள், போட்டி முடிந்தது. அவ்வளவு பெரிய போட்டியைத் தீர்த்து வைத்தது கால் விரல் நுனியில் ஒரு கண நேரத்து லாகவம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் ஆடுகிற ஆட்டத்திலும் அப்படித்தான் தீர்ப்பு வருகிறது. கால் விரலுக்குப் பதிலாகக் கை விரல், அவ்வளவுதான்.

என் தங்கை மகனுக்கு வயது 24. காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. லேத்திலிருந்து இறங்கும் உருளைகளை மைக்ரோமீட்டரில் வைத்து அளந்து, சரியாக இருந்தால் இந்தப் பெட்டி, இல்லாவிட்டால் அந்தப் பெட்டி என்று பிரிக்கவேண்டும். மைக்ரோமீட்டரின் திருகைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெல்லத் திருப்பி, 'டிக் டிக்' என்று அது நழுவுகிற இடத்தில் நிறுத்தவேண்டும். கண்ணை விட விரலுக்குத்தான் அங்கே வேலை அதிகம். மாலையில் வீடு திரும்பிச் சாப்பிட்டானோ இல்லையோ, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவான். அரக்கோணத்தில் ஒருவன், கும்மிடிப்பூண்டியில் ஒருவன், ஆவடியில் இரண்டு பேர் என்று நாலு சிநேகிதர்கள். அவரவர் வீட்டில் இருந்தபடியே ஐந்து பேரும் ஒரு கட்சியாகச் சேர்ந்து, முகம் தெரியாத வேறு ஐந்து பேரோடு 'வாலரண்ட்' என்ற ஆட்டம் ஆடுவார்கள். ஒளிந்து, பதுங்கி, மூலை திரும்பி, எதிரி தலை தெரிந்த கணத்தில் குறி வைத்துச் சுடவேண்டும். 2020-இல் வெளிவந்த ஆட்டம்.

மூன்று மாதமாக அவனுக்கு வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப் போய்க்கொண்டிருந்தன. ஒரு நாள் வேலையில் மைக்ரோமீட்டர் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்துவிட்டது. மேற்பார்வையாளர் கோபித்துக்கொள்ளவில்லை. "கை சரியில்லையென்றால் சொல், தம்பி. பேக்கிங்குக்கு மாற்றிவிடுகிறேன்" என்று அன்பாகவே சொன்னாராம். பேக்கிங்கில் சம்பளம் குறைவு. அந்த அன்புதான் வீட்டைக் கலக்கிவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது வழக்கு உச்சத்தில் இருந்தது.

"நீயே கேளு அண்ணா. பகலெல்லாம் கையால வேலை. ராத்திரி வந்தும் அந்தக் கைக்கு ஓய்வு கிடையாது. யாரையோ சுட்டுக்கிட்டே இருக்கான். கை மரத்துப் போகாம என்ன செய்யும்? அதைத் தூக்கிப் பழைய சாமான் கடையில போடுன்னா கேக்கமாட்டேங்கிறான்."

"மாமா, நான் குடிக்கிறேனா? ஊர் சுத்துறேனா? ராத்திரி ரெண்டு மணி நேரம், அவ்வளவுதான்."

"ரெண்டா? நாலு!" என்றாள் தங்கை.

"சரி, மூணு" என்றான் அவன்.

அந்தப் பேரத்தில் ஒரு விஷயம் எனக்கு விளங்கிவிட்டது. இரண்டு பேருமே கையைப் பற்றிப் பேசவில்லை. ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் திருவள்ளூரில் ஒரு டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். அவர் எந்தெந்த விரல் மரத்துப் போகிறது என்று கேட்டார். சுண்டுவிரல் நன்றாக இருக்கிறது என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு ஒரு விசித்திரமான கேள்வி கேட்டார்: "ராத்திரி தூக்கத்தில் விழித்துக்கொண்டு, கையை உதறுகிறாயா? இப்படி, தெர்மாமீட்டரை உதறுகிற மாதிரி?" பையன் ஆச்சரியத்துடன் ஆமாம் என்றான்.

மணிக்கட்டில் ஒரு சுரங்கப் பாதை இருக்கிறதாம். அடியிலும் பக்கங்களிலும் சின்னச் சின்ன எலும்புகள். மேலே கூரை போட்ட மாதிரி ஒரு கெட்டியான பட்டை. அந்தச் சந்துக்குள் விரல்களை மடக்குகிற ஒன்பது தசைநாண்களும், கூடவே ஒரு நரம்பும் போகின்றன. தீபாவளிக்கு முதல் நாள் ரங்கநாதன் தெருவில் ஒன்பது தடியர்களுக்கு நடுவே ஒரு நோஞ்சான் அகப்பட்டுக்கொண்டால் எப்படி இருக்கும்? மணிக்கட்டை மேல்நோக்கி வளைத்து வைத்தாலும், மேஜை விளிம்பில் அழுத்தி வைத்தாலும் நெரிசல் இன்னும் அதிகமாகிறது, நோஞ்சான் கத்துகிறான். அந்தக் கத்தல்தான் மரமரப்பு. மௌஸ் பிடிப்பதுதான் இந்த வியாதிக்குக் காரணம் என்று மருத்துவ உலகம் ஒருமனதாகச் சொல்லிவிடவில்லை. ஆனால் நெரிசல் ஏற்பட்ட பிறகு மணிக்கட்டை வளைத்து வைத்து மணிக்கணக்கில் வேலை வாங்குவது நல்லதல்ல என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. தூங்கும்போது கட்டிக்கொள்ள ஒரு பட்டையும், சில பயிற்சிகளும் எழுதிக் கொடுத்துவிட்டு, "என்ன மௌஸ் வைத்திருக்கிறாய்?" என்று டாக்டர் கேட்டார். பையன் அதன் பெயரையும், அது எத்தனை நிறங்களில் மின்னும் என்பதையும் பெருமையோடு சொன்னான். "நான் கேட்டது அளவை" என்றார் அவர்.

வீடு திரும்பியதும் பஞ்சாயத்து தொடர்ந்தது. ஆட்டத்தையே விட்டுவிட வேண்டும் என்பது தங்கையின் கட்சி. அவள் மனத்தில் இருந்த பயம் கையைப் பற்றியது மட்டுமல்ல. செல்போனில் பணம் கட்டி ரம்மி ஆடிக் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தியவர்களின் கதைகள் அவள் காதுக்கும் எட்டியிருந்தன. அந்த மாதிரிப் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடுக்கும் சட்டம் 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டில் நிறைவேறியது என்றும், அதே சட்டம் மின் விளையாட்டுப் போட்டிகளை வேறு ரகமாகப் பிரித்து அங்கீகரித்திருக்கிறது என்றும் சொன்னேன். 2018-இல் ஜாகர்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் இவை காட்சிப் போட்டியாக இடம் பெற்றன. குஜராத்தைச் சேர்ந்த தீர்த் மேத்தா வெண்கலம் வாங்கினார். 2023-இல் ஹாங்சௌவில் பதக்கப் போட்டியாகவே சேர்த்துவிட்டார்கள். இதெல்லாம் தங்கையை அசைக்கவில்லை.

"பிரக்ஞானந்தாவைத் தெரியுமா உனக்கு?" என்றேன்.

"செஸ் ஆடுற பிள்ளைதானே? விபூதி இட்டுக்கிட்டு, அம்மா கூடவே வருவாங்களே."

"அந்தப் பிள்ளைதான். 2022 பிப்ரவரியில், 16 வயசில், உலகச் சாம்பியன் கார்ல்ஸனை ஒரு போட்டியில் ஜெயித்ததே, அது எங்கே நடந்தது தெரியுமா? கம்ப்யூட்டரில். இவர் இங்கே, அவர் எங்கேயோ. காயைக் கையால் தொடவில்லை. மௌஸால்தான் நகர்த்த வேண்டும். கை தவறிப் பக்கத்துக் கட்டத்தில் காயை விட்டுவிடுவதற்கு 'மௌஸ் ஸ்லிப்' என்று அவர்கள் பெயரே வைத்திருக்கிறார்கள்."

தங்கை பதில் சொல்லவில்லை. ஆனால் பழைய சாமான் கடைப் பேச்சு அதோடு நின்றது. ஆட்டம் ஒரு மணி நேரம். அதிலும் இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை எழுந்து கையை நீட்டி மடக்கவேண்டும். கைக்கு ஏற்ற மௌஸ் வாங்கவேண்டும். இப்படித் தீர்ப்பாயிற்று.

கைக்கு ஏற்றது எது? இந்தக் கேள்வி மௌஸ் பிறந்த நாளிலேயே பிறந்துவிட்டது. 1964-இல் கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கெல்பார்ட் என்பவரின் யோசனைப்படி பில் இங்கிலீஷ் என்ற எஞ்சினீயர் முதல் மௌஸைச் செய்தார். மரக்கட்டையைக் குடைந்து, அடியில் இரண்டு சக்கரங்கள், மேலே ஒரே ஒரு பொத்தான். ஆரம்பத்தில் அதன் வயர் மணிக்கட்டுப் பக்கமாக வெளியே வந்தது. கையில் இடறுகிறதென்று சீக்கிரமே முன்பக்கம் மாற்றினார்கள். அதோடு நிற்காமல், திரையில் ஓர் இடத்தைக் காட்டுவதற்கு மௌஸ் நல்லதா, ஒளிப் பேனா நல்லதா, பிடிகோல் நல்லதா என்று ஆட்களை உட்கார வைத்துச் சோதித்தார்கள். மேஜைக்கு அடியில் பொருத்தி முழங்காலால் அசைக்கிற ஒரு கருவியும் அதில் இருந்தது. புதிதாக வந்தவர்கள் முழங்காலால் வேகமாகவே காட்டினார்கள். பழகியவர்களுக்கோ மௌஸ்தான் ஜெயித்தது. 1967-இல் இந்த முடிவுகளை வெளியிட்டார்கள். 1968 டிசம்பர் 9-ஆம் தேதி எங்கெல்பார்ட் ஸான் பிரான்ஸிஸ்கோவில் சபை நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் அதை இயக்கிக் காட்டினார். கால் ஜெயித்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, காலைக் கை ஜெயித்த இந்தக் கதையைச் சொன்னபோது, மருமகன் முதல் தடவையாகச் சிரித்தான்.

பிறகு அவன் கையை அளந்தோம். மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும் 17.5 சென்டிமீட்டர். மௌஸின் நீளம் கையின் நீளத்தில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு இருக்கலாம் என்று ஆட்டக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சாஸ்திரம் அல்ல, வழிகாட்டி. அந்தக் கணக்குப்படி இவனுக்கு 10.5 சென்டிமீட்டர் போதும். அவன் வைத்திருந்த வர்ண ஜாலம் 12.7. அண்ணாச்சி கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தோம், 121 கிராம். நாலு மணி நேரம் ஆடுகிறவன் அதை எத்தனை ஆயிரம் தடவை தள்ளி, தூக்கி, திருப்பி வைத்திருப்பான்!

பெரிய மௌஸைச் சின்னக் கை பிடிக்கும்போது என்ன நடக்கிறது என்பதையும் பார்த்தோம். விரல் பொத்தானை எட்டுவதற்காக மணிக்கட்டு மேலே வளைகிறது. வளைந்த மணிக்கட்டு மேஜை விளிம்பில் உட்காருகிறது. டாக்டர் கூடாது என்று சொன்ன இரண்டும் ஒரே நேரத்தில்! போதாக்குறைக்கு அவன் உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலி தாழ்வு. முழங்கை மேஜைக்குக் கீழே இருந்தது. ஒரு பழைய தலையணையை மடித்து நாற்காலியில் போட்டதும் முழங்கை மேஜை மட்டத்துக்கு வந்தது. காசில்லாத வைத்தியம், எந்த விளம்பரத்திலும் வராது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை... இல்லை, ஞாயிறன்று பாதிக் கடை மூடியிருக்கும் என்று அவன் சொன்னதால் சனிக்கிழமையே லீவு போட்டு ரிச்சி தெருவுக்குப் புறப்பட்டோம். புறநகர் ரயில்கள் சென்னையில் வந்து நிற்கிற இடம் பழைய மூர் மார்க்கெட் இருந்த இடம். 1985-இல் எரிந்து போகிற வரைக்கும் அங்கே எதை வாங்கினாலும் தொட்டு, தட்டி, திருகி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவார்கள். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட சகலமும் கிடைக்கும். தொட்டுப் பார்ப்பதுதான் கஷ்டம். எல்லாம் பெட்டிக்குள்; பெட்டியின் மேல் முத்திரை.

முதல் கடையில், "சார், முப்பதாயிரம் டி.பி.ஐ.!" என்றார்கள். மௌஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் திரையில் அம்பு எத்தனை புள்ளி ஓடும் என்கிற கணக்கு அது. "நீ எத்தனையில் ஆடுகிறாய்?" என்று மருமகனைக் கேட்டேன். "எண்ணூறு" என்றான். குறி பார்த்துச் சுடுகிற ஆட்டங்களில் தேர்ந்தவர்கள் பலரும் நானூறு, எண்ணூறு, மிஞ்சினால் ஆயிரத்து அறுநூறில் ஆடுகிறவர்கள்தாம். மணிக்கட்டை மட்டும் சிமிட்டாமல், பெரிய விரிப்பின் மேல் முழங்கையிலிருந்து கையை வீசி ஆடுவதற்கு அதுதான் தோது. மணிக்கட்டுக்கும் அதுவே நல்லது. மணிக்கு 300 கிலோ மீட்டர் போகிற காரை வாங்கிப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவனுக்கும், முப்பதாயிரத்துக்குப் பணம் கொடுக்கிறவனுக்கும் அதிக வித்தியாசமில்லை.

இரண்டாவது கடையில் நெட்டுக்குத்தாக நிற்கிற மௌஸ் ஒன்றைக் காட்டினார்கள். கை குலுக்குகிற பாவனையில் பிடிக்கவேண்டும். இதில் நியாயம் இருக்கிறது. உள்ளங்கையைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தால் முன்கையின் இரண்டு எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே விழுகின்றன. கை குலுக்கும் நிலையில் அவை பக்கத்தில் பக்கத்தில் சௌக்கியமாக இருக்கின்றன. நாள் முழுவதும் கணக்கு எழுதுகிறவருக்கு இது உபகாரம். ஆனால் மருமகன் பிடித்துப் பார்த்துவிட்டு, "குறி நிக்காது மாமா" என்று கீழே வைத்துவிட்டான். நுனிவிரலால் செய்கிற சின்ன அசைவுகள் அந்தப் பிடியில் அவனுக்கு வரவில்லை.

இன்னொன்று பந்து பதித்த மௌஸ். அது அசையாமல் ஒரே இடத்தில் இருக்கும்; கட்டைவிரலால் பந்தை உருட்டினால் அம்பு ஓடும். அதைப் பார்த்ததும் எனக்கு ஓலைச்சுவடி ஞாபகம் வந்தது. 1905-இல் கண்டெடுத்த ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் எழும்பூர்ப் பொருட்காட்சிச் சாலைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அதைச் செதுக்கின கை செம்பை எப்படிப் பிடித்ததோ, ஓலையில் எழுதியவர்களின் வழி நமக்குத் தெரியும். இடது கைக் கட்டைவிரலின் மேல் எழுத்தாணியைச் சாய்த்துக்கொண்டு, எழுதுகிற கையை ஓட்டாமல் ஓலையை நகர்த்தி எழுதுவார்கள். கையை அலைக்கழிக்காமல் வேலை வாங்குகிற தந்திரம் நமக்குப் புதிதல்ல. ஆனால் பந்தும் மருமகனுக்கு ஒத்துவரவில்லை. கட்டைவிரல்தானே ஏற்கனவே மரத்துப் போயிருக்கிறது? அந்த விரலுக்கே எல்லா வேலையும் கொடுப்பது சரியல்ல என்று எனக்கும் பட்டது.

நாலாவது கடைக்காரர் நல்ல மனிதர். திறந்து வைத்த ஏழெட்டு மௌஸ்களை ஒரு மேஜைமேல் போட்டு வைத்திருந்தார். "பிடிச்சுப் பாரு தம்பி. அவசரமில்ல" என்றார். மௌஸைப் பிடிப்பதில் மூன்று விதம் உண்டு. உள்ளங்கை முழுவதும் படுத்துக்கொள்கிற பிடி ஒன்று. பருந்து கோழிக்குஞ்சைக் கவ்வுகிற மாதிரி விரல்களை மடக்கிக் கவ்வுகிற பிடி ஒன்று. குழம்புக்கு உப்புக் கிள்ளுகிற மாதிரி நுனிவிரல்களால் மட்டும் தொடுகிற பிடி ஒன்று. உள்ளங்கைப் பிடிக்கு நீளமும் மேடும் வேண்டும்; நுனிவிரல் பிடிக்குச் சின்னதும் லேசானதும் வேண்டும். தன் பிடி எது என்று தெரியாதவன் அடுத்தவன் சிபாரிசில் வாங்கினால், அது அடுத்தவன் கைக்குத்தான் சௌகரியமாக இருக்கும். இடது கைக்காரர்களின் பாடு இன்னும் மோசம். வலப்பக்கம் சரிந்த அழகான வடிவங்களெல்லாம் அவர்களுக்கு இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற சிலவற்றில்தான் பொறுக்கவேண்டும்.

"கண்ணை மூடிக்கொண்டு பிடி" என்றேன். மேஜையில் ஒன்று ஏழு நிறத்தில் மின்னிக்கொண்டிருந்தது; கண்ணைத் திறந்து வைத்திருந்தால் கை பேச வாய்ப்பே இல்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தான், வைத்தான். ஒன்றை மட்டும் மறுபடி மறுபடி தேடினான். கறுப்பு. மினுமினுப்பு இல்லை. நீளம் 10.6 சென்டிமீட்டர், எடை 60 கிராமுக்குச் சற்றுக் குறைவு. சுண்டுவிரல் தரையில் உரசாமல் ஒதுங்கப் பக்கவாட்டில் சிறு பள்ளம். கண்ணைத் திறந்து பார்த்தவன் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம். "இதுவா?" என்றான்.

"உன் கை சொல்கிறது, நான் சொல்லவில்லை."

விலை நாலாயிரத்துச் சொச்சம். ஒரு வாரத்துக்குள் பிடிக்காவிட்டால் மாற்றித் தருவதாகக் கடைக்காரர் வாக்குக் கொடுத்தார். விலையில் நூறு ரூபாய் குறைப்பதைக் காட்டிலும் அந்த வாக்கு பெரிது. கடையில் ஐந்து நிமிஷம் சுகமாக இருப்பது ஒரு மணி நேரம் ஆடியபின் எப்படி இருக்கும் என்பது வீட்டில்தான் தெரியும்.

வீட்டிலோ முதல் பத்து நாள் அவன் ஆட்டம் கெட்டுப் போயிற்று. கனமான மௌஸைத் தள்ளிப் பழகிய கை, லேசான மௌஸை எல்லை தாண்டி வீசியது. கும்மிடிப்பூண்டிச் சிநேகிதன் கேலி செய்தான். ஒரு வாரத் தவணை முடிகிற அன்று மருமகன் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தான். ராத்திரியில் விழித்துக்கொள்வது குறைந்திருந்தது என்பதுதான் அவனைத் தடுத்தது. இரண்டு மாதத்தில் குறி பழையபடி நின்றது. விரல்களில் மரமரப்பு முழுவதும் போகாவிட்டாலும் மைக்ரோமீட்டர் நழுவவில்லை. பேக்கிங் பேச்சும் எழவில்லை. இது மௌஸ் மட்டும் செய்த வேலை என்று நான் சொல்லமாட்டேன். பட்டை, பயிற்சி, தலையணை, ஒரு மணி நேரக் கட்டுப்பாடு எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. இத்தாலியில் ரமாஸினி என்ற வைத்தியர் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, எழுத்தர்களின் உபாதைக்குக் காரணம் ஓயாத உட்காரலும் ஓயாத கையசைவும் மனத்தின் பதற்றமும் என்று எழுதி வைத்திருக்கிறார். மூன்றையும் குறைக்காமல் கருவியை மட்டும் மாற்றினால் என்ன பிரயோஜனம்?

இதற்கு நடுவில் ஒரு ராத்திரி நான் அங்கே தங்கியிருந்தேன். மருமகன் ஆட்டத்தை முடித்துவிட்டுத் தூங்கிப் போயிருந்தான். தண்ணீர் குடிக்க எழுந்தபோது கூடத்தில் ஏதோ அசைந்தது. தங்கை பாயில் உட்கார்ந்து வலது கையை உதறிக்கொண்டிருந்தாள், தெர்மாமீட்டரை உதறுகிற மாதிரி.

"உனக்கும் மரத்துப் போகிறதா?"

"எனக்கா? அது பத்து வருஷமா இருக்கு. நீ போய்ப் படு."

பெண்களுக்குத்தான் இந்த வியாதி அதிகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பையனின் கையையே பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு அந்த வார்த்தை காதில் விழவில்லை. தங்கை தையல் தைக்கிறவள். மிஷினைக் கால் மிதிக்கிறது. துணி வெட்டுவது கைதானே? காலையில் அவளுடைய கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கினேன். மாமனார் விட்டுப்போன கத்தரிக்கோல். பன்னிரண்டு அங்குலம், இரும்புக் கனம். கட்டைவிரல் வளையம் ஓர் ஆண்பிள்ளையின் பெருவிரலுக்காகச் செய்தது. அதற்குள் அவள் துணியைச் சுற்றி வைத்திருந்தாள். அந்த வளையத்தோடு அவள் இருபத்திரண்டு வருஷம் ரவிக்கை வெட்டியிருக்கிறாள். அந்தக் கூலியில் வாங்கியதுதான் பிள்ளையின் கம்ப்யூட்டர்.

மருமகன் ஒன்றும் பேசவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து ஸ்கேலை எடுத்து வந்தான். "கையை நீட்டும்மா" என்றான். தன் அளவை எழுதி வைத்திருந்த அதே தாளில், அடுத்த வரியில், "அம்மா – 16.2" என்று எழுதிக்கொண்டான்.

டாக்டரிடம் அவளை அழைத்துக்கொண்டு போனவனும் அவன்தான். மறு வாரம் பாரிமுனையில் தையல் சாமான் விற்கிற கடைக்கு அழைத்துக்கொண்டு போனவனும் அவன்தான். நானும் கூடப் போயிருந்தேன். கடைக்காரர் ஒரு கத்தரிக்கோலைக் காட்டி, இதுதான் நன்றாகப் போகிறது என்றார். "எல்லாத்தையும் எடுங்க. பிடிச்சுப் பாக்கணும்" என்றான் பையன். தங்கைக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருந்தாலும் ஒன்றொன்றாக எடுத்து, வெறும் காற்றை வெட்டிப் பார்த்து, கீழே வைத்தாள். "கண்ணை மூடிக்கோம்மா" என்று அவன் சொன்னபோது, "போடா" என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டாள்.

ஏழாவது கத்தரிக்கோல் எட்டு அங்குலம். அதைத் திறந்து மூடினாள். மறுபடியும் திறந்து மூடினாள். பிடித்திருக்கிறதா என்று நாங்கள் கேட்பதற்குள், அதைக் கீழே வைக்காமலே, இடது கையால் மணிபர்ஸைத் திறந்து பணத்தை எண்ண ஆரம்பித்துவிட்டாள்.